கண்ணூறுக்குப் பயந்த வாப்பா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெருமையடித்துக்கொள்ளும் கதை. பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். ஏழு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தவள் நான், இப்போது கொஞ்சம் நிமிர்ந்து பேசிக்கொள்கிறேன்.

என் மகன் சாகிபுக்கு ஏழு வயது. பூனாவில், வானவடிப் பகுதியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் அவனைத் தெரியாத ஆள் கிடையாது. எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். லிஃப்டில் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டு ஓடியவன் அவன். ரிட்டயர்டு கர்னல் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்மேல் ஈர மண்ணை அள்ளிப் பூசியவன் அவன். சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் 'பி விங், முன்னூற்று நாலு' என்று யாராவது ஆரம்பித்தால் மிச்சத்தை நான் படிப்பதே இல்லை. அது எங்கள் வீட்டு நம்பர். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரளுவான். கையில் அகப்பட்டதை எறிவான். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் ரப்பர் தரவில்லை என்று தண்ணீர் பாட்டிலை வீசினான். அது டீச்சரின் தோளில் போய் விழுந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கு இந்தியில் சரளமாக வருவது மன்னிப்பு ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் பெயர் கவுஸ். கேம்ப் கடைத்தெருவில் நைட்டிக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் இருவருமே மேலப்பாளையத்துக்காரர்கள். கடைக்கு ஊரிலிருந்து சரக்கு அனுப்புவது அவருடைய அண்ணன், அப்துல் ஹாதி. எனக்குப் பெரிய மச்சான், இவருக்குக் காக்கா. காக்கா ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு அதற்கு மேல் வார்த்தை கிடையாது. இந்தச் சட்டை வேண்டாம் என்று காக்கா வீடியோ காலில் சொன்னால் இவர் போனை வைப்பதற்கு முன்பே மாற்றிவிடுவார்.

சென்ற ஜனவரியில் ஒருநாள் இவர் காக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது சாகிப் ஹாலில் புரண்டு கத்திக்கொண்டிருந்தான்.

"என்னல சத்தம் அது? ஆட்டை அறுக்குறியளா?" என்று கேட்டார் பெரிய மச்சான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சாகிபுதான் காக்கா."

"இன்னும் அடங்கலையா? சரி கேளு. ஏப்ரல்ல நான் பூனா வாரேன். திரும்புறதுக்கு ரெண்டு டிக்கெட்டாப் போட்டுருதேன். பயலக் கையோட கூட்டிட்டு வந்து நம்ம ஊரு ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துருவோம். ஒரே வருஷத்துல ஆளா மாத்திருவாங்க."

"சரி காக்கா."

அவ்வளவுதான். என் பிள்ளையின் கணக்கை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"சரி காக்காவா? பெத்தவ ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இங்க நிக்கேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டியளா?"

"உன்னால சமாளிக்க முடியுதா சஃபியா? நீயே சொல்லு."

 கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "ஏப்ரலுக்குள்ள கொஞ்சம் அடங்கிட்டாம்னு வையி, நானே காக்காட்ட பேசுதேன்."

"நீங்க? உங்க காக்காட்டயா? பேசிக் கிழிச்சிய."

வாயால் அப்படிச் சொன்னேனே தவிர, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவன் அவன். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. அவனை ரயிலேற்றி அனுப்பிவிட்டு இந்த வீட்டில் நான் யாருக்குச் சோறு பிசைவேன்?

பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று குழந்தைகள் மனநல டாக்டரிடம் போனோம். அவர் சாகிபோடு அரைமணி நேரம் விளையாடினார், எங்களிடம் நிறையக் கேட்டார். கடைசியில், "பையனுக்கு மாத்திரை தேவையில்லை. பயிற்சி உங்கள் இரண்டு பேருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு எங்கள் போனை வாங்கி அதில் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். எனக்கு வந்ததே கோபம்! போனால்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று ஊரே சொல்கிறது. இந்த டாக்டரானால் போனாலேயே திருத்துகிறாராம்.

அந்த ஆப்புக்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர். படத்தில் பச்சைக்கிளி இருந்ததால் எங்கள் வீட்டில் அதற்குக் கிளி என்றே பெயராகிவிட்டது. சாயங்காலமானால் கிளி 'டிங்' என்று கூப்பிடும். ஒரு சின்ன வீடியோ காட்டும். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். நாம் பிள்ளையோடு பேசுவதைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு ஒருத்தி கூப்பிட்டுப் பேசுவாள். தமிழ்க்காரர்கள் என்று பார்த்து எங்களுக்கு வைஷாலி என்ற பெண்ணைக் கொடுத்தார்கள். அவள் இங்கேயே விமான் நகரில் பிறந்து வளர்ந்தவள், பெற்றோர் கோயம்புத்தூர்க்காரர்கள். தமிழைத் தடுக்கித் தடுக்கிப் பேசுவாள். முதல் நாளே என்னை 'ஆன்ட்டி' என்றாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

முதல் பாடம், ஐந்து நிமிஷம் பிள்ளையோடு விளையாட வேண்டும். இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் எதையும் செய்யச் சொல்லக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, கற்றுக்கொடுக்கக் கூடாது, அதட்டக் கூடாது. பிறகு வாய் எதற்கு இருக்கிறது? சாகிப் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அதை அங்க வைக்காத, விழுந்துரும்" என்று வாய்வரை வந்தது. முழுங்கினேன். "இது என்ன கலரு, சொல்லு?" வந்தது. அதையும் முழுங்கினேன். கடைசியில், "மூக்கைத் தொடச்சுக்கல" என்று சொல்லித் தொலைத்தேன். ரம்ஜானில் முப்பது நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறேன், ஐந்து நிமிஷம் வாயை மூட முடியவில்லை.

ஆனால் நான் விடுகிற ஆளா? பிள்ளையா, ஹாஸ்டலா என்று இருக்கிறது. கிளி என்ன சொன்னாலும் செய்தேன். ஒரு வேலையை ஒருமுறைதான் சொல்ல வேண்டும் என்றது. 'எத்தன தடவ சொல்லுதது, என் உசுர வாங்கவே பொறந்தியா' என்ற பின்பாட்டைப் பாதியாகக் குறைத்தேன். பிடிவாதம் பிடித்துக் கத்தினால் ஆபத்து ஒன்றும் இல்லாதவரை கண்டுகொள்ளாதே, நிறுத்திய அந்த நொடியில் திரும்பிப் பார்த்து, என்ன நல்லது செய்தான் என்று எடுத்துச் சொல்லு என்றது.

அந்தப் பாடத்துக்குப் பரீட்சை எங்கள் தெருமுனை கிரானா மளிகைக் கடையில் நடந்தது. சிப்ஸ் கேட்டான். இல்லை என்றேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் விழுந்து கையைக் காலை உதறினான். கடையில் இருந்த அம்மா ஒருத்தி, "அரே, தே தோ நா பேச்சாரே கோ" என்று, பாவம் கொடுத்துவிடேன் என எனக்குப் புத்தி சொன்னாள். கடைக்காரர் தானே எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் துவரம்பருப்பு டப்பாவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  ரொம்ப நேரம் கழித்துச் சத்தம் நின்றது. எழுந்து வந்து என் துப்பட்டாவைப் பிடித்தான்.

"நீயாவே அழுகைய நிறுத்திட்டு எந்திரிச்சு வந்துட்டியேப்பா" என்றேன்.

அவன் என்னை அண்ணாந்து பார்த்தான். வேறு யாருடைய உம்மாவோ தெரியாமல் பேசிவிட்டாள் என்பது மாதிரி ஒரு பார்வை. ஆனால் வீடுவரை என் கையை விடவில்லை. அன்றைக்குக் கிளி எனக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான், யாராவது எனக்கு நட்சத்திரம் போட்டு எத்தனை வருஷமாயிற்று! இவர் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றவிடாமல் அதைக் காட்டினேன்.

இனி இவருடைய பாடத்துக்கு வருகிறேன். அதில்தான் வம்பே இருந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளையை மற்றவர் முன்னால் மெச்சமாட்டார்கள். கண்ணூறு விழும். விருந்தாளி வந்து, 'பையன் நல்லா வளந்துட்டானே' என்றால், 'எங்க, வளந்து என்ன செய்ய, வெறும் தறுதலை' என்று உடனே மட்டம் தட்டிவிட வேண்டும். வந்த கண் அதோடு திரும்பிப் போய்விடும். எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம்தான். ஆனால் இவருக்கு அது வியாதி. இரண்டைப் பறிகொடுத்துவிட்டுக் கிடைத்த பிள்ளை அல்லவா? பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ், 'அழகான குழந்தை' என்றதற்கு, 'கருப்பட்டி மாதிரி இருக்கான், என்ன அழகு' என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் அழுதவர் இவர். ராத்திரி அவன் தூங்கிய பிறகு ஓதி ஊதி, நெற்றியில் முத்தமிடுவார். விழித்திருக்கும்போது ஒரு நல்ல வார்த்தை கிடையாது. கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் இந்தியில், 'யெ பிக்டா ஹுவா ஹை' என்று சொல்லித்தான் மகனை அறிமுகம் செய்வார். கெட்டுப்போனவனாம்! ஆசை மகனை அறிமுகம் செய்கிற அழகைப் பாருங்கள்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் கிளி வந்து, பிள்ளையைத் தினமும் வாய்விட்டுப் பாராட்டு என்றால் என்ன செய்வார்? ஆனால் டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் சொல்லைத் தட்டியும் இவருக்குப் பழக்கமில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவில் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்குத் தெரியாது. வைஷாலிதான் கண்டுபிடித்தாள்.

அந்த வாரம் அவள் வீடியோ காலில் வந்தபோது இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். சாகிப் தரையில் காரை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அங்கிள், எனக்கு ஒரு டவுட்" என்றாள். "ரெக்கார்டிங் எல்லாம் சூப்பர். 'தட்டை நீயே எடுத்து வச்சிட்ட.' ரொம்ப கரெக்ட். பட் லாஸ்ட்ல ஒரு வேர்ட் வருது. எல்லா தடவையும் வருது. கழுதை. அது... அந்த அனிமல்தானே?"

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். "தட்ட நீயே எடுத்து வச்சிட்டியல கழுத. ஷூவ ஒழுங்கா வச்சிட்டியல கழுத." ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு வால் ஒட்டியிருக்கிறார் மனுஷன். பாராட்டினால் கிளிக்குக் கணக்கு. கழுதை சொன்னால் கண்ணூறுக்குக் கணக்கு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவளுக்குக் கண்ணூறு பற்றி விளக்கினார். இரண்டு பிள்ளை தங்காமல் போனதையும் சொன்னார். யாரிடமும் சொல்லாதவர், முகம் தெரியாத பெண்ணிடம் போனில் சொன்னார். வைஷாலி சிரிக்கவில்லை.

"புரியுது அங்கிள். எங்க அம்மாவும் எனக்கு மிளகாய் சுத்திப் போடுவாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கவா? நீங்க ஏன் திட்டுறீங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஆன்ட்டிக்குத் தெரியும். சாகிப்க்குத் தெரியுமா?"

 இவர் கீழே பார்த்து, "ஏல சாகிபு, நீ எப்படிப்பட்ட புள்ளல?" என்று கேட்டார்.

"தறுதலை" என்றான் அவன். பெயர் கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னான். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சொல்லிவிட்டுக் காரைச் சோபாவுக்கு அடியில் விட்டான்.

வைஷாலி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். போனை வைத்துவிட்டு நானும் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"அவனக் காப்பாத்ததான் சொன்னேன் சஃபியா."

"தெரியும். எனக்குத் தெரியாதா?"

"இப்ப எப்படிச் சொல்லுவேன்? பயமா இருக்கு."

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம், அவர்மேல் இல்லை, எங்கள் எல்லார்மேலும். "கண்ணூறுக்கு நம்ம மார்க்கத்துல என்ன சொல்லிக் குடுத்திருக்கு? மாஷா அல்லாஹ் சொல்லுன்னுதானே சொல்லியிருக்கு? கழுதன்னு சொல்லச் சொல்லி எந்தக் கிதாபுல போட்டிருக்கு, காட்டுங்க பாப்போம்!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இவள் எங்கிருந்து இதைப் பிடித்தாள் என்ற மாதிரி. எனக்கே தெரியாது, கோபத்தில் வந்தது. ஆனால் அது அவருக்குப் பிடித்துக்கொண்டது. காக்காவுக்கு மேலே, டாக்டருக்கு மேலே, அவர் தட்டமுடியாத சொல் மார்க்கத்தின் சொல் ஒன்றுதானே.

மறுநாள், எல்லாம் அல்லாஹ் நாடியது என்ற அந்தச் சொல்லை முன்னால் போட்டு ஆரம்பித்தார். "மாஷா அல்லாஹ், ஷூவ ஜோடியா வச்சிட்டியே வாப்பா." மகனையே வாப்பா என்று கொஞ்சிவிட்டுப் புதுமாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். சாகிப் பின்னால் வரும் கழுதைக்காகக் காத்துக்கொண்டு நின்றான். வரவில்லை. ஒரு ஷூவை எடுத்துக் கதவின்மேல் எறிந்தான்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் பொய்க்காரி. அடுத்த இரண்டு வாரம் அவன் ஆடிய ஆட்டம் முன்பு ஆடியதே இல்லை. தலையணையைக் கிழித்தான், ஸ்கூல் வேனில் ஏறமாட்டேன் என்று வாட்ச்மேன் நாற்காலியைக் கட்டிக்கொண்டான். இது நிஜமா என்று சோதித்துப் பார்க்கிறான், விடாதீர்கள் என்றாள் வைஷாலி. இவர் விடவில்லை. காலையில் கடைக்குப் போகிற அவசரத்திலும் மாஷா அல்லாஹ், ராத்திரி களைத்து வந்தாலும் மாஷா அல்லாஹ். சாகிப் நல்லதாக ஒன்றுமே செய்யாத நாளில், "மாஷா அல்லாஹ், நல்லா மூச்சு விடுதான் பாரு" என்று என்னிடம் சொன்னார்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் சாகிப் கையிலிருந்த ஸ்பூனை எறிய ஓங்கியவன், கீழே வைத்துவிட்டான். ஓடிப்போய் ஹால் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டான். திரை உப்பி உப்பி அடங்கியது. கோபம் வந்தால் போய் நிற்பதற்கு ஓர் இடம் தேர்ந்தெடுக்கச் சொல் என்று கிளி சொல்லியிருந்தது. அவன் அந்தத் திரையைத்தான் காட்டியிருந்தான். இதுவரை போனதில்லை. அன்றைக்குப் போனான். நான் அடுக்களையில் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சத்தம் போட்டால் கலைந்துவிடுமோ என்று.

ஏப்ரலில் பெரிய மச்சான் வந்து இறங்கினார். கையில் அல்வாப் பெட்டி. சட்டைப்பையில் இரண்டு டிக்கெட். வாசலிலேயே சாகிபைத் தூக்கி, "என்னல சனியனே, எம்புட்டு வளந்துட்ட!" என்றார். அவருக்கும் பிரியம்தான், அதை அவர் சொல்கிற விதம் அது. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "உள்ள வாங்க காக்கா" என்றார்.  மறுநாள் அவர் கிளம்புகிறார், இவரானால் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மதியம் கேம்ப்பிலும் கோண்ட்வாவிலும் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து குடும்பத்தைப் பெரிய மச்சானைப் பார்க்க விருந்துக்குக் கூப்பிட்டிருந்தோம். வீடு கொள்ளாத கூட்டம். நெய்ச்சோறும் கறியும் செய்திருந்தேன். எங்கள் வழக்கப்படி ஹாலில் விரிப்பு விரித்து, பெரிய தட்டான சஹனைச் சுற்றி நாலுநாலு பேராக உட்கார்ந்து சாப்பிடுவது என்று ஏற்பாடு. ஹாலிலோ சாகிப் காலையிலிருந்து ஒரு மெட்ரோ கட்டிவைத்திருந்தான். நைட்டி வரும் அட்டைப்பெட்டிகள் தூண், அதன்மேல் பிளாஸ்டிக் கட்டையில் தண்டவாளம், சுவர் ஓரமாக வளைந்து வளைந்து போகும்.

விரிப்பு விரிக்க இடம் போதவில்லை. பெரிய மச்சான் குனிந்து ஒரு கையால் அத்தனையையும் வழித்து மூலையில் தள்ளினார்.

சாகிப் போட்ட அலறலில் குழம்புக் கரண்டி என் கையிலிருந்து நழுவியது. அவன் விரிப்பின்மேல் விழுந்து உதைத்தான். கையில் கிடைத்த கட்டை பறந்து சுவரில் மோதியது. விருந்தாளிகள் ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு எல்லாம் முடிந்துபோனது என்று தோன்றியது. மூன்று மாதம் செய்ததெல்லாம் அந்தக் கட்டைகளோடு சிதறிக் கிடந்தது.

"பாத்தியளா? இதுக்குத்தான் சொன்னேன்" என்று பெரிய மச்சான் அவன் கையைப் பிடித்துத் தூக்கப் போனார்.

"காக்கா, அவனத் தொடாதிய. உக்காருங்க."

சொன்னது யார் என்று எனக்கே ஒரு நொடி புரியவில்லை. இவர்தான். காக்கா முன்னால் காலை மடக்கி உட்காருகிற என் வீட்டுக்காரர். பெரிய மச்சான் நீட்டிய கையோடு அப்படியே நின்றார். 

இவர் மகனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவனைப் பார்க்கவில்லை. "எல்லாரும் இந்தப் பக்கம் உக்காருங்க. சஃபியா, சோத்தக் கொண்டு வா" என்றார், மழை பெய்கிறது, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று சொல்கிற குரலில். நான் கொண்டு வந்தேன்.  ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை. எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள், நாங்கள் இரண்டு பேர்தான் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை காலடியில் கதறும்போது பார்க்காமல் இருப்பது என்ன பாடு என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கத்தல் அழுகையாயிற்று. அழுகை விக்கலாயிற்று. பிறகு அவன் எழுந்தான். யாரும் சொல்லவில்லை, கிளிகூட டிங் என்று கூப்பிடவில்லை. நடந்து போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டான். திரைக்கு அடியில் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நேராகப் பெரிய மச்சானிடம் போனான்.

"பெரியவாப்பா, நீங்க ஏன் தள்ளுனீங்க? என்கிட்ட கேட்டிருந்தா நானே எடுத்து வச்சிருப்பேன்ல" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுச் சிதறிய கட்டைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தான். எறிந்த கட்டையையும் தேடி எடுத்தான்.

"மாஷா அல்லாஹ்" என்றார் இவர். குரல் உடைந்து வந்தது. "அம்புட்டுக் கோவத்தையும் நீயே அடக்கிட்டு, வாயால சொன்னியே வாப்பா. மாஷா அல்லாஹ்."

பெரிய மச்சானுக்கு முகம் சிவந்திருந்தது. "என்னல நடக்குது இங்க? கத்துனவனுக்குப் பாராட்டா?"

"கத்துனதுக்கு இல்ல காக்கா. நிறுத்துனதுக்கு."

"அது சரி, நாளைக்கி ரயிலு இருக்கு..."

"அவன் வரல." இவர் எழுந்து நின்றார். "நீங்க எது சொன்னாலும் கேப்பேன் காக்கா. இது மட்டும் முடியாது. அவன் என்கிட்டதான் வளருவான். நல்ல புள்ள காக்கா அவன். நீங்க வழிச்சுத் தள்ளுனியளே, அந்த மெட்ரோவ யாரு சொல்லிக் குடுத்தா? அவனாக் கட்டுனான். எம்புட்டு அறிவு தெரியுமா அவனுக்கு! உங்களக் கை நீட்டி அடிச்சானா? இல்ல. வந்து கேள்வி கேட்டான். எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, இன்னைக்குத்தான் உங்ககிட்ட வாயத் திறக்கேன். அவனுக்கு ஏழு வயசுலயே அந்தத் தைரியம் இருக்கு. அழகுலயும் சரி, அறிவுலயும் சரி, இந்த பூனாவுல இவன மாதிரி ஒரு புள்ள..."

அணை உடைந்தால் நிற்குமா? ஏழு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம், அத்தனை பேர் முன்னாலும், வாலும் இல்லாமல் தலையும் இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சாகிப் கையில் ஒரு கட்டையோடு வாயைப் பிளந்து தன் வாப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் நெய்ச்சோற்றுச் சட்டியை இடுப்பில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தேன், அதையும் மறைக்கவில்லை.

"ஏல கவுஸு! நிறுத்துல!" என்று பெரிய மச்சான் பதறி எழுந்து, இரண்டு எட்டில் சாகிபிடம் போய் அவன் தலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். "மாஷா அல்லாஹ் சொல்லிட்டுச் சொல்லுல! இத்தன பேரு பாத்துட்டு இருக்காவ, புள்ளைக்குக் கண்ணு பட்டுரும்!"

அவர் சொன்னது அவருக்கே ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. ஹாஸ்டலுக்கு இழுத்துக்கொண்டு போக வந்த தறுதலைக்குக் கண் பட்டுவிடும் என்று யாராவது பயப்படுவார்களா? இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்கு அடியில் இருந்த தலையைப் பார்த்தார். கையை மட்டும் எடுக்கவில்லை. ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

பெரிய மச்சான் விரிப்பில் உட்கார்ந்து, சாகிபைத் தன் சஹனுக்கு இழுத்து உட்கார வைத்தார். எலும்பில்லாத கறியாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளினார். "சாப்பிட்டுட்டு ஒரு டிக்கெட்டக் கேன்சல் பண்ணுல கவுஸு, எனக்கு அந்தப் போன்ல செய்யத் தெரியாது" என்றார்.

நான் ஆளாளுக்குச் சோறு வைத்தேன். கேட்டவர்களுக்கும் வைத்தேன், கேட்காதவர்களுக்கும் வைத்தேன். என் பிள்ளைக்குக் கண் படும் என்று ஒரு வீடு நிறைய ஆட்கள் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.